ஆறு கெஜத்தில் ஒரு பார்லிமென்ட்

1

இந்தக் கதை சண்டையில் பிறந்தது. இந்த ஆவணியில் போளூரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் தம்பி சம்பந்தம் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "டெல்லியில ஒண்ணும் நடக்கலீங்க. அது எங்க அக்கா கட்டிவிட்ட கதை." நான் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ரசம் ஊற்ற வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியோடு நகர்ந்துவிட்டார்.

"கட்டிவிட்ட கதையாடா? நான் காதால கேட்டது."

"எழுதி வெச்சிக்கோ அக்கா. நான் நம்பமாட்டேன்."

சரி, எழுதி வைக்கிறேன்.

கதையின் நாயகர் லோகநாதன். என் வீட்டுக்காரர். போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். கதையில் அவரோடு இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவன் சம்பந்தம். இன்னொருத்தி காசியம்மாள். காசியம்மாள் நான்தான். ஆனால் கதைக்குள் என்னை 'நான்' என்று எழுதிப் பார்த்தபோது எல்லாப் பக்கத்திலும் நானே இடத்தை அடைத்துக்கொண்டு நின்றேன். இது அவருடைய நாள். அதனால் உள்ளே நான் காசியம்மாளாக ஓரமாக நிற்கிறேன். வெளியே வந்து பேசவேண்டி வந்தால் 'நான்' என்று சொல்லிக்கொண்டே வருவேன்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன். முதலாவது இது:

"மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில், அரக்கு நிறப் பட்டில், ஜரிகையால் நெட்டுக்குத்தாக வரிசை வரிசையாக—"

பெயரைச் சொல்லாமல் தொடங்கினால் வாசிக்கிறவரே அது என்னவென்று கண்டுபிடிப்பார் என்று நினைத்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆரணி நூலகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் ராதிகாவிடம் படித்துக் காட்டினேன். வந்தவாசிப் பக்கத்துப் பெண், இந்த ஊர்க் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "சீப்புங்களா மேடம்?" என்றாள்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: "லோகநாதன் என்னும் மாமனிதர்—" இது வேண்டாம். அவரே கேட்டால் சிரிப்பார்.

மூன்றாவதைத்தான் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதில் ஒரு நஷ்டம் உண்டு. தலைப்பிலேயே பார்லிமென்ட் என்று சொல்லிவிட்டதால் உங்களை இனி சாட்சியாகக் கூப்பிட முடியாது. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களால் முடியும்.

3

லோகநாதன் ஆரணியில் அட்டை குத்துகிறவர். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் கோத்த மாலை மாதிரி தொங்கும். எந்த இடத்தில் ஓட்டையோ அந்த இழை எழும்பும். இழை எழும்புகிறபடி பட்டில் மயிலோ மாங்காயோ விழும். முதலில் கட்டம் போட்ட தாளில் படத்தைப் புள்ளி புள்ளியாக நிரப்புவார். பிறகு அந்தப் புள்ளிகளை அட்டையில் ஓட்டையாகக் குத்துவார். அவர் குத்திய மயில்கள் எத்தனை கல்யாணத்தில் மேடை ஏறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. புடவையில் நெய்தவர் பெயரே இருக்காது, அட்டை குத்தியவர் பெயர் எங்கே இருக்கப் போகிறது?

தொண்ணூறாம் வருஷம் காசியம்மாள் நூலகத்திலிருந்து ஒரு பொது அறிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதில் டெல்லியில் உள்ள பார்லிமென்டின் படம் இருந்தது. வட்டமான கட்டடம், சுற்றிலும் தூண்கள். கீழே சின்ன எழுத்தில் நூற்று நாற்பத்து நான்கு தூண்கள் என்று போட்டிருந்தது. லோகநாதன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசி, ஆறு கெஜம் எத்தினி அங்குலம்?"

"இருநூத்திப் பதினாறு."

"அத நூத்தி நாப்பத்தி நாலால வகு."

அவள் அரிசி களைந்த கையோடு சுவரில் விரலால் எழுதி வகுத்தாள். "ஒண்ணரை."

லோகநாதன் எழுந்து நின்றுவிட்டார். "தூணுக்கு ஒண்ணரை அங்குலம்! ஒரு பொடவைக்கு ஒரு பார்லிமென்ட்டு! மீதியும் கிடையாது, கொறையும் கிடையாது!"

கட்டடம் வட்டம், பார்டர் நேர். அதற்கு அவர் செய்த வேலையை அட்டை குத்துகிறவர் மட்டும்தான் செய்வார். வட்டத்தை ஒரு இடத்தில் வெட்டி, பாயைப் போல் விரித்துவிட்டார். மேலே கூரைக்கு ஒரு கோடு, கீழே படிக்கு ஒரு கோடு, நடுவில் நூற்று நாற்பத்து நான்கு தூண்கள். அவர் கண்ணில் அது அப்போதும் வட்டம்தான். புடவையைக் கட்டிக்கொண்டால் ஒரு பெண்ணைச் சுற்றி அது வட்டமாகிவிடும் என்பது அவர் வாதம்.

முதல் புடவை ஓடியது சம்பந்தத்தின் தறியில். அப்போது அவனுக்கு இருபத்தி நான்கு வயது, வாய் மட்டும் ஐம்பது வயது. புடவையை அறுத்து எடுத்து உதறிப் பிடித்தான். தெருவே வந்து பார்த்தது.

"நல்லாத்தான் கீது மாமா. இன்னா இது, சீப்பு பார்டரா?"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் நான்கு தெருவுக்கும் அது சீப்பு பார்டர் ஆகிவிட்டது. கடைக்காரர்கள் சீப்பு பார்டர் என்றே விற்றார்கள். இரண்டு தீபாவளிக்குத் தறி ஓயவில்லை. விற்காமல் போயிருந்தால் பெயரும் போயிருக்கும். விற்றதால் ஒட்டிக்கொண்டது. லோகநாதன் பேருந்து நிலையத்தில் அந்தப் புடவை கட்டிய பெண்களிடம் போய், "அம்மா, நீங்க கட்டியிருக்கிறது பார்லிமென்ட்டு" என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். பிறகு கல்யாணப் பத்திரிகைகளில் 'திரு. சீப்பு லோகநாதன்' என்று அச்சாகி வரத் தொடங்கியது. யாரும் கேலிக்குப் போடவில்லை. அடையாளத்துக்குப் போட்டார்கள். கேலியாவது ஒருநாள் சலித்துப்போகும். இது சலிக்கவே இல்லை.

4

முப்பத்தி நான்கு வருஷம் கழித்து அவர்களிடம் ஒரு வண்டி வந்தது. சம்பந்தம் தறியை விட்டுப் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போயிருந்தான். பள்ளிக்கூடம் அந்த வேனைத் தள்ளிவிட்டபோது லோகநாதன் வாங்கிக்கொண்டார். இருக்கைகளைக் கழற்றினார். ஒரு பக்கம் பலகைக் கட்டில், அதன் கீழே ட்ரங்குப் பெட்டி. இன்னொரு பக்கம் அடுப்பு, சின்ன கேஸ் சிலிண்டர், தண்ணீர் டிரம். வெள்ளைப் பெயின்ட் அடித்தும் மஞ்சள் எட்டிப் பார்த்தது. விற்காமல் வீட்டில் தங்கிய கடைசிச் சீப்பு பார்டரை—

(பார்த்தீர்களா, எனக்கே வந்துவிட்டது. இதை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.)

—கடைசிப் பார்லிமென்ட் பார்டர் புடவையை அறுத்து ஜன்னல்களுக்குத் திரை தைத்தார். தெருவில் அதைக் கேரவன் என்றார்கள்.

வெள்ளோட்டமாகப் படவேட்டுக்குப் போய் ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு, மரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டார்கள். அங்கேதான் பந்தயம் பிறந்தது.

"டெல்லிக்குப் போலாம்டா மச்சான்," என்றார் லோகநாதன். "அந்தக் கட்டடத்த நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

"பாத்து இன்னா பண்ணப் போற மாமா? அதுங்கிட்ட போயி, நீ சீப்பு மாதிரி இருக்கறதால எனக்குப் பேஜாரா கீதுன்னு சொல்லப் போறியா?"

"அங்க இருக்கறவங்களுக்குத் தெரியும்டா. பாத்த உடனே சொல்லுவாங்க."

சம்பந்தம் தட்டைக் கீழே வைத்தான். "ஒரே ஒரு ஆளு. நீ பேரு சொல்லக்கூடாது. கட்டடம் கண்ணுக்குத் தெரியற எடத்துல கேக்கவும் கூடாது, அங்க கேட்டா கழுதகூடச் சொல்லிடும். அவங்களா பாத்துப் பார்லிமென்ட்டுன்னு சொல்லணும். சொல்லிட்டா, சாவற வரைக்கும் சீப்புன்னு வாயெடுக்கமாட்டேன்."

"சொல்லலன்னா?"

"எந்தப் பந்தியிலயும் நீ இந்தப் பேச்ச எடுக்கக்கூடாது. முப்பத்தி நாலு வருசமா எனக்கு சாம்பாரு ஆறிப்போவுது."

லோகநாதன் கை கழுவாமலே கை நீட்டினார்.

காசியம்மாள் சின்ன வயதில் ஆரணியில் ஒரு டீச்சரம்மாவிடம் இந்தி படித்து இரண்டு பரீட்சை தேறியவள். மற்ற இருவருக்கும் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மொத்தத் தகராறும் இதில்தான் இருக்கிறது.

5

போன வருஷம் பிப்ரவரியில் கிளம்பினார்கள். கடப்பை, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா. ஏழாம் நாள் விடியலில் டெல்லி. (வழியைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நாக்பூரில் ஆரஞ்சு நன்றாக இருந்தது என்பதை மட்டும் விட்டுவிட மனமில்லை.)

முதலில் இந்தியா கேட். பனி முழுதாக விலகவில்லை. லோகநாதன் ஸ்வெட்டருக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு முழம் பார்டர் துண்டை எடுத்தார். காசியம்மாள் சொல்லிக் கொடுத்த ஒரே வாக்கியத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார்: "யே க்யா ஹை?" இது என்ன?

டீ விற்றவர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கங்கி," என்றார்.

"இன்னா சொன்னாரு?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

காசியம்மாள் டீயை ஒரு வாய் குடித்தாள். "சீப்பு."

சம்பந்தம் சிரித்த சிரிப்பில் புறா பறந்தது. "ரெண்டாயிரத்து முன்னூறு கிலோமீட்டர் மாமா! டீசல் ஊத்தி வந்து கேட்டுகினு போறோம்!"

லோகநாதன் துண்டை மடித்துப் பையில் வைத்தார். காது சிவந்திருந்தது. அது குளிரால் என்று அவர் சொன்னார்.

அடுத்து ஒரு கல்லூரிப் பெண் பியானோ என்றாள். பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த சர்தார்ஜி ஜெயில் கம்பி என்றார். பலூன்காரர் ரயில் பாதை என்றார். லோகநாதன் ரயில் பாதையை மட்டும் கொஞ்சம் மெச்சினார். நீளமாக யோசித்திருக்கிறார் என்றார்.

"மாமா, மூஞ்சத் தொங்கப் போடாத. எல்லாரும் சீப்புன்னு சொல்லலியே," என்றான் சம்பந்தம். அவன் ஆறுதல் சொல்வது இப்படித்தான் இருக்கும்.

6

வேனை ஒரு நிறுத்தத்தில் விட்டுவிட்டு விஜய் சௌக் வரைக்கும் நடந்தார்கள். எதிரே மேட்டில் ஜனாதிபதி மாளிகை, இரண்டு பக்கமும் செந்நிறச் செயலகங்கள். லோகநாதன் அவற்றைப் பார்க்கவில்லை. வலது பக்கம் திரும்பி நின்றுவிட்டார்.

மரங்களுக்கு மேலே அது தெரிந்தது. பழைய பார்லிமென்ட். பக்கத்தில் புதிதாக முக்கோணக் கட்டடம் எழுந்து, சபை அங்கே போய்விட்டது. பழையதற்கு வேறு பெயரும் வைத்துவிட்டார்கள். தூண்களுக்குப் பெயர் மாறியது தெரியாது. வரிசையாக, வெயில் பட்டு, ஒன்றன் பின் ஒன்றாக நின்றன.

லோகநாதனின் வலது கை தொடைமேல் தட்டியது. அட்டை குத்தும்போது ஒரு குத்துக்கு ஒரு தட்டு தட்டுவார். அப்படித்தான் எண்ணினார். இருபத்தியொன்று, இருபத்திரண்டு. பிறகு கை நின்றது.

"காசி," என்றார். "வட்டமா தெரியலியே."

இவ்வளவு தூரம் வந்து இந்த மனுஷர் உடைந்துபோகப் போகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நேரா தெரியுதுடி! இங்க நின்னு பாத்தா நேராத்தான் தெரியுது! மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு! டேய் மச்சான், பாருடா! நான் வெட்டவே இல்லடா, அது அப்படித்தான் கீது!"

சம்பந்தம் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். "கிட்ட நின்னு பாத்தா பூமிகூட நேராத்தான் தெரியுது மாமா."

"அப்ப பூமியையும் பார்டர்ல போடலாம்."

"போடு. அத வாணலின்னு சொல்லுவாங்க."

(இந்த இடத்தில் எழுதுவது நின்றுபோயிற்று. அவர் சிரிப்பை எழுத உட்கார்ந்த நாளில் எதுவும் வரவில்லை, மூன்று வாரம் நோட்டை மூடி வைத்திருந்தேன். பிறகு அந்தச் சிரிப்பைச் சொல்லும் வேலையை அவர் பேச்சுக்கே விட்டுவிட்டேன்.)

7

மத்தியானம் உச்ச நீதிமன்றத்தின் குவிமாடக் கூரையைப் பார்க்கப் போனார்கள். அங்கிருந்து பார்லிமென்ட் தெரியாது. நடுவில் எத்தனையோ சாலைகளும் மரங்களும் இருக்கின்றன. லோகநாதன் கட்டிலில் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு நீதிமன்றம் வரவில்லை. "இன்னொரு சுத்து போடு மச்சான்" என்றார். சம்பந்தம் சுற்றினான். திரை மறைத்தது. "இன்னொரு சுத்து."

வெளியூர்ப் பதிவெண், ஜன்னலெல்லாம் திரை போட்ட ஒரு வேன், நீதிமன்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் என்ன ஆகும் என்று மூவருக்கும் தோன்றவே இல்லை. ஆரணியில் தேர் பார்க்கப் போனால் அப்படித்தான் சுற்றுவோம்.

மூன்றாம் சுற்றில் தடுப்பைப் போட்டு நிறுத்தினார்கள்.

ஒரு கான்ஸ்டபிள் கதவைத் திறந்தார். கண்ணில் முதலில் பட்டது கேஸ் சிலிண்டர். அவர் போட்ட சத்தத்தில் இன்னும் நான்கு பேர் ஓடிவந்தார்கள். சம்பந்தத்தை இறக்கி, சிலிண்டரை அவன் கையாலேயே தூக்க வைத்து, இருபது முப்பது அடி தள்ளி நடைபாதையில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒருவர் காவல். அவன் அங்கேயிருந்து, "அக்கா! சாம்பாரு வெக்கத்தான் கொண்டாந்தோம்னு சொல்லு!" என்று கத்தினான்.

வேனுக்குள் ஏறியவர் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். நாற்பது வயது இருக்கும். கண்டிப்பான முகம். லோகநாதனும் காசியம்மாளும் கட்டில் ஓரமாக ஒட்டிக்கொண்டார்கள். அவர் டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். அரிசி மூட்டையில் லத்தியால் குத்தினார். ஜன்னல் பக்கம் போய், பின்னால் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று திரையை விலக்கினார்.

விலக்கிய கை அப்படியே நின்றது.

திரையை வெளிச்சத்துக்குப் பிடித்தார். கட்டைவிரலால் ஒவ்வொரு தூணாகத் தடவிக்கொண்டே போனார். திரும்பி லோகநாதனைப் பார்த்தார். குரல் தணிந்திருந்தது, ஆனால் முன்பைவிடக் கூர்மையாக இருந்தது.

"யே தோ சன்சத் பவன் ஹை. புரானா வாலா." கொஞ்சம் நிறுத்தி, "கோல் இமாரத் கோ சீதா க்யோ கர் தியா?"

காசியம்மாள் திரையை ஒரு முறை, அந்த அம்மாளின் முகத்தை ஒரு முறை பார்த்தாள்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் லோகநாதன். "சிலிண்டரா?"

"இல்லீங்க. இது பார்லிமென்ட்டாச்சேன்னு கேக்கறாங்க. பழைய பார்லிமென்ட்டு. வட்டமா இருக்கற கட்டடத்த ஏன் நேரா விரிச்சி வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க."

லோகநாதன் அசையவில்லை. "இன்னொரு தபா சொல்லு."

சொன்னாள். அவர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கை கூப்பினார். அந்த அம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. கட்டடத்தின் வரைபடத்தைத் திரையில் மறைத்து வைத்திருக்கும் ஆட்கள் என்று சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார். சந்தேகப்பட்ட ஆள் கண்ணில் நீரோடு கும்பிட்டால் போலீஸ் என்ன செய்யும்? இன்னும் சந்தேகப்பட்டார். ட்ரங்கைத் திறக்கச் சொன்னார். உள்ளே முப்பத்தி நான்கு வருஷத்துக்கு முந்தைய கட்டத்தாள். ஒவ்வொரு தூணும் புள்ளி புள்ளியாக நிரப்பி, ஓரத்தில் எண்கள். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, எண்கள் தெரியும்.

லோகநாதன் தாளை அவர் முன் விரித்தார். இனி அவருக்கு மொழி தேவைப்படவில்லை. தாளை உருட்டிக் குழலாக்கிக் காட்டினார், வட்டம். விரித்தார், நேர். திரையை எடுத்துக் காசியம்மாள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார், மறுபடி வட்டம். தறியில் கால் மிதிப்பதுபோல் மிதித்து, குறுக்கு நூலோடு நாடா போவதுபோல் கையை இங்கும் அங்கும் ஓட்டினார். வேன் ஆடியது. வெளியே இருந்த கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் தாளில் கடைசியாக இருந்த எண்ணில் விரலை வைத்தார். 144.

"ஏக் சௌ சௌவாலீஸ்," என்றார். காசியம்மாளைப் பார்த்து மெதுவாக இந்தியில் சொன்னார். நான்கு வருஷம் அந்தக் கட்டடத்தில் தனக்குக் காவல் வேலை. இரவுச் சுற்றில் தூக்கம் வராமலிருக்கத் தூண்களை எண்ணிக்கொண்டே நடப்பாராம். ஒவ்வொரு இரவும் நூற்று நாற்பத்து நான்கு. ஒருநாளும் கூடவில்லை, குறையவில்லை.

காசியம்மாள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் லோகநாதன் படியில் குதித்துவிட்டார். அறுபத்தாறு வயதில், வேட்டி காற்றில் பறக்க, டெல்லி வெயிலில் நடைபாதையில் ஓடினார்.

"மச்சான்! சொல்லிட்டாங்கடா! அவங்களே சொல்லிட்டாங்கடா!"

இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரைப் பிடித்தார்கள். பிடித்த கைகளுக்குள்ளேயே குதித்தார். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சம்பந்தத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா மாமா சொல்லிட்டாங்க? எத்தினி வருசம்?"

8

ஒரு மணிநேரம் கழித்து விட்டுவிட்டார்கள். சிலிண்டரோடு நகரத்துக்குள் வரக்கூடாது, ஜல்தி கிளம்புங்கள் என்று சப்-இன்ஸ்பெக்டர் எச்சரித்தார். தாளில் ஒரு கையெழுத்து போட்டுத் தரச் சொல்லி லோகநாதன் கேட்டார். டியூட்டியில் அதெல்லாம் முடியாது என்றுவிட்டார். ஆதாரம் என்று எதுவும் கிடையாது.

ஆக்ரா வரும்போது சம்பந்தத்துக்குத் தைரியம் திரும்பிவிட்டது. "நான் காதால கேக்கலியே. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிஞ்சிருக்காது. புரிஞ்சவ நீ ஒருத்தி. புருசனுக்காக அக்கா மாத்திச் சொல்லியிருக்க மாட்டான்னு இன்னா நிச்சயம்?"

அதற்கு நான் அன்று சொன்ன பதிலையே இன்றும் சொல்கிறேன். காலையில் டீக்காரர் கங்கி என்றபோது நான் சீப்பு என்றுதான் சொன்னேன். மாற்றிச் சொல்கிறவளாக இருந்தால் அங்கேயே மாற்றி, டீயோடு விஷயத்தை முடித்திருப்பேன்.

எழுதுகிறவளாக இப்போது எனக்கு இன்னும் அதிக வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தியும் பார்த்தேன். இன்னொரு பிரதியில் சம்பந்தத்தை வேனுக்குள் உட்கார வைத்தேன். அந்தச் சப்-இன்ஸ்பெக்டரைத் தமிழ்நாட்டில் வேலை பார்த்தவராக்கி, தமிழிலேயே பேச வைத்தேன். "இது பார்லிமென்ட்தானே?" என்று அவர் கேட்க, சம்பந்தம் தலையைத் தொங்கப் போட்டு, "மாமா, மன்னிச்சிக்கோ" என்று—

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. மன்னிப்புக் கேட்கிற சம்பந்தத்தை எனக்குத் தெரியாது. அப்படி ஒருவன் எங்கள் வீட்டில் பிறக்கவில்லை. அவனை வேப்பமரத்தடிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். கையில் சிலிண்டரோடு.

லோகநாதனுக்கு அவன் நம்பாதது ஒரு பொருட்டாகவே இல்லை. ஜான்சியிலும் நாக்பூரிலும் சாலையோரத்தில் சமைக்கும்போது அந்தக் காட்சியை நடித்துக் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டராகவும் அவரே, காசியாகவும் அவரே. "கோல் இமாரத் கோ சீதா க்யோ" என்பதை ஒரு எழுத்து பிசகாமல் கற்றுக்கொண்டார். முப்பத்தி நான்கு வருஷத்தில் தன் வேலையைப் பற்றி யாரும் கேட்காத கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார், வட்டத்தை ஏன் விரித்தாய் என்று. கேட்டவர் பாராட்டவில்லை, கைது செய்யலாமா என்று யோசித்துக்கொண்டு கேட்டார். அதுதான் அவருக்குப் பெரிய சந்தோஷம். "பாராட்டுன்னா மொகத்துக்காகச் சொல்லலாம் காசி. சந்தேகம் பொய் சொல்லாது" என்றார்.

அதன்பின் எட்டு மாதம் இருந்தார். அந்த எட்டு மாதத்தில் எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் இந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. தோற்றவர் வாயை மூடிக்கொண்டார் என்று சம்பந்தம் நினைத்துக்கொண்டான். சொல்லித் தீர்க்க இனி ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

முடிவை அவர் சாவில் கொண்டுபோய் நிறுத்தி ஒரு பக்கம் எழுதினேன். ஆஸ்பத்திரி, மழை, ஐப்பசி. எல்லாம் உண்மை. அடித்துவிட்டேன். இந்தக் கதை நடந்தது பிப்ரவரியில். பிப்ரவரியில் அவர் ஓடிக்கொண்டிருக்கிறார்.

9

வேறு முடிவு என்னிடம் இல்லை. ஆனால் இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வருஷம் வருகிறது. சம்பந்தம் நினைவஞ்சலி போஸ்டர் போடுகிறான். பேருந்து நிலையத்திலும், நான்கு தெரு முனையிலும், போளூர் வரைக்கும் ஒட்டப் போகிறானாம். படம் அவனே தேர்ந்தெடுத்தான். அரை மணிநேரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தான், கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். வாசகத்தை என்னை எழுதித் தரச் சொன்னான். இப்போது வாசலில் வேனை அணைக்காமல் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறான்.

"அக்கா, எழுதிட்டியா? பிரஸ்காரன் பூட்டிட்டுப் போயிடுவான்."

"எழுதிட்டேன்டா."

"அடையாளப் பேரு போட்டியா? அது இல்லன்னா ஊர்ல யாருக்கும் தெரியாது."

"அதுக்கு எடம் விட்டிருக்கேன். நீயே போடு."

"எனக்கு இன்னா எழுத்து வரும்? நீ போடேன்."

"பந்தயம் கட்டனது நானா?"

இந்த நோட்டை முழுதாக அவனிடம் கொடுக்கப் போகிறேன். முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு இந்த வரிக்கு வந்து சேர்வான். அச்சகம் பூட்டினால் பூட்டட்டும், நாளைக்குத் திறக்கும். என் பேனாவும் இதற்குள் இருக்கிறது. மூடவில்லை.

தம்பி, நீ என்ன எழுதினாலும் உன் மாமா ஜெயித்தது ஜெயித்ததுதான். அதை மாற்ற உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஊர் அவரை என்ன பெயரில் கூப்பிடப் போகிறது என்பது மட்டும்தான் மிச்சம். அது அன்று நீ வைத்தது. இன்றும் நீதான் வைக்க வேண்டும்.

கூட இருந்து வாசித்த மற்றவர்களும் எட்டிப் பார்க்கலாம். அவன் கை தயங்கினால் மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி
திரு. ____________ லோகநாதன்
ஆரணி